நீர் ஊற்றலாகாத நெருப்பு

(சங்கத்தின் இளைஞர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நெருப்பென்ற சொல் காதில் விழுந்ததும் நம் கை தேடுவது வாளியை. ஓலைக் கொட்டில் ஒன்றில் தீப்பற்றிவிட்டதென்று ஒரு குரல் கேட்டால், முன்னாளில் அயற் கிணறுகளின் துலாக்களெல்லாம் ஒருங்கே ஆடத் தொடங்கும். குடம், வாளி, பட்டை எனக் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஆணும் பெண்ணும் ஓடிவருவர். வேலி வழக்கிலே ஆண்டுக்கணக்காகப் பேச்சற்றிருந்த இரு வீட்டாரும் அவ்வேளை ஒரே கிணற்றில் நீர் மொள்வர். துலாக்கள் மறைந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட இக்காலத்திலும் குழாயை இழுத்துக்கொண்டு நாம் அவ்வாறுதான் ஓடுகின்றோம். அது நல்ல வழக்கம். அதைக் குறைகூற நாம் இங்கு வரவில்லை. நீரானது தான் ஆவியாகும்போது எரிபொருளின் வெப்பத்தைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 1,700 லீற்றர் நீராவியாக விரிந்து, தீயை அணுகும் காற்றையும் விலக்கிவிடுகிறது. ஓலைக்கும் மரத்துக்கும் துணிக்கும் இதனினும் மேலான மருந்து கிடையாது.

ஆயின், நீரைக் கண்டதும் அடங்காது, அதையே உணவாகக் கொண்டு கிளர்ந்தெழும் திண்பொருள்கள் சில உள. அவற்றிற் சில நீரைப் பிளந்து எரியும் வாயுவை வெளிவிடும். சில நச்சு வாயுவை வெளிவிடும். சில வெப்பத்தை மட்டும் கக்கி அருகிலுள்ள மரத்தையும் சாக்கையும் பற்றவைக்கும். இவற்றின்மேல் ஒரு வாளி நீரை எறிபவன், எண்ணெய் ஊற்றினவனிலும் பார்க்கப் பெரிய கேட்டைச் செய்தவனாவான். இதை விஞ்ஞான வகுப்பறையில் விட்டுவிடாது இச்சங்கத்தில் எடுத்துப் பேசுவதற்குக் காரணமுண்டு. திருவிழாக் காலத்திலும் வெள்ளக் காலத்திலும் தொண்டர் அணியாக முன்னிற்பவர்கள் நம் அங்கத்தவர்களே. ஓரிடத்தில் விபத்தென்றால், தீயணைப்புப் படை வந்து சேருமுன் அங்கு நிற்கப்போகிறவர்களும் நாமே.

நாமெல்லாரும் அறிந்த பொருளொன்றிலிருந்து தொடங்குவோம். சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். அதன்மேல் நீர் தெளித்தால் சீறிப் புகைந்து, வெடித்துப் பொரிந்து, வெண்பொடியாக உதிரும். இதனையே நீற்றுதல் என்கிறோம். சுவருக்கு வெள்ளையடித்த நாட்களில் அந்த மிடாவின் அருகே சிறுவர்களை அண்டவிடாமல் வீட்டுப் பெரியவர்கள் துரத்தியது வீணான அச்சத்தாலன்று. ஒரு கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிவரும் வெப்பம் மூன்று லீற்றருக்கு மேற்பட்ட கிணற்று நீரைக் கொதிக்க வைக்கப் போதியது. (வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு ஏற்கெனவே நீறிக் குளிர்ந்தது, ஆதலால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்கள் தங்கள் கிளாக்கிகளைப் பற்றி இன்றிரவு அஞ்ச வேண்டியதில்லை.)

இச்சுண்ணாம்பை மரக்கப்பலில் ஏற்றிக் கடலிற் கொண்டு சென்றவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கிலுள்ள மேயின் மாநிலத்தில் றொக்லன்ட் என்னும் துறைமுகம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து நியூயோர்க் போன்ற நகரங்களின் கட்டட வேலைக்காகப் பாய்க்கப்பல்களிலே சுட்ட சுண்ணாம்பு பீப்பாய் பீப்பாயாக ஏற்றிச் செல்லப்பட்டது. கப்பலின் பலகை இடுக்கால் சிறிது கடல்நீர் கசிந்தாற் போதும். கீழ்த்தட்டில் சுண்ணாம்பு நீறத் தொடங்கும். பீப்பாய்ப் பலகை கருகும். பின்னர் கப்பலே பற்றும். சுற்றிலும் கடல், எத்திசை நோக்கினும் நீர், அந்நீரில் ஒரு வாளி தானும் பயன்படாது!

அம்மாலுமிகள் என் செய்தனர்? நீறும் சுண்ணாம்பின் மணம் எழுந்தவுடன், கீழ்த்தட்டுக்குச் செல்லும் கதவு, சாளரம், இடுக்கு யாவற்றையும் மூடி, சுண்ணாம்புச் சாந்தையே குழைத்துக் காற்றுப் புகாதவாறு பூசி அடைத்தனர். எதைக் கொண்டு தீ மூண்டதோ அதையே கொண்டு தீயின் மூச்சை அடைத்தனர் எனலாம். பின்பு கப்பலை ஏனைய கப்பல்களுக்கும் துறைக்கும் எட்டத்தில் நங்கூரமிட்டு நிறுத்திக் காத்திருந்தனர். நாட்கணக்காக, சிலபோது வாரக்கணக்காகக் காத்திருந்தனர். உள்ளே தீ அவிந்ததோ அன்றி இன்னும் கனல்கின்றதோ என்று பார்க்கும் ஆவலினால் கதவைத் திறந்தவர், புதுக்காற்றை உள்ளேவிட்டுக் கப்பலை இழந்தனர். ஒன்றும் பலிக்காதபோது கப்பலை ஆழங்குறைந்த இடத்தில் மூழ்கடித்துவிடுவதும் உண்டு. நெருப்பை அணைப்பது என்றால் ஓடியாடிச் செய்வதொன்று என்று நாம் கருதியிருக்கிறோம். அம்மாலுமிகளோ மூடிவிட்டு, தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். படிப்பறிவு மிகுந்தவர்களென்று அவர்களைச் சொல்ல முடியாது. ஆயினும் தாம் ஏற்றிச் செல்லும் பொருள் இன்னதென்று அவர்களுக்குத் திட்டமாகத் தெரிந்திருந்தது. இன்று நம்மிற் பலருக்கு இல்லாதது அதுவே.

இனிக் கல்சியம் காபைட்டு. சாம்பல் நிறக் கற்களாகத் தகரப் பீப்பாய்களில் வருவது இது. வெல்டிங் பட்டறைகளில் இதை நீரிலிட்டு அசற்றலீன் வாயுவை உண்டாக்கி, அதன் சுடரால் இரும்பை வெட்டவும் ஒட்டவும் செய்வர். மின்விளக்கு வருமுன் துவிச்சக்கரவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் ஒளிதந்ததும் இதுவே: மேலே சிறு நீர்த்தொட்டி, கீழே காபைட்டுக் கல், சொட்டுச் சொட்டாக நீர் விழ விழ வெண்சுடர் எரியும். மாங்காயையும் வாழைக்காயையும் இதன் வாயுவில் அடித்துப் பழுக்க வைக்கும் கூடாத வழக்கம் ஒன்றும் உண்டு. ஆதலால் பட்டறையில் மாத்திரமன்றிப் பழக் கிட்டங்கியின் மூலையிலும் இப்பொருளைக் காண நேரலாம்.

சொட்டு நீரால் விளக்கெரியுமாயின் வாளி நீரால் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோகிராம் காபைட்டு ஏறத்தாழ 300 லீற்றர் அசற்றலீனைத் தரும். ஏனைய வாயுக்கள் பல, காற்றோடு ஒரு குறித்த அளவிற் கலந்தாற்றான் வெடிக்கும். அசற்றலீனோ காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு இருந்தாலும் வெடிக்கும், எண்பது பங்கு இருந்தாலும் வெடிக்கும். அறை முழுவதும் நிறைந்துவிட்டதே, இனிக் காற்று ஏது என்று ஆறுதலடைய இடமில்லை. ஒரு சுருட்டின் தணல், மின் ஆளியைத் தட்டும்போது எழும் சிறு பொறி, பீப்பாயின் மூடியை இரும்பு உளியால் நெம்பும்போது தெறிக்கும் பொறி, இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். பூண்டு நாற்றம் ஒன்று எழும். அது அசற்றலீனுக்கே உரியதன்று, காபைட்டிலுள்ள மாசுகளால் உண்டாவது. எங்கிருந்து வந்தாலென்ன, அந்நாற்றம் ஓர் எச்சரிக்கை. மழைநாளில் ஒழுக்குக் கூரையின் கீழ் இருக்கும் பீப்பாயருகே அது வீசினால், விளக்கைப் போடவும் வேண்டாம், போட்ட விளக்கை நிறுத்தவும் வேண்டாம். ஆட்களை வெளியேற்றுவதே செய்யத்தக்கது.

நாம் பயின்ற மிஷன் பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடத்தில், மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குள் அமிழ்ந்து கிடந்த சோடியத் துண்டை ஆசிரியர் குறட்டால் எடுத்து, கத்தியால் வெண்ணெய்போல் அரிந்து, பயற்றளவு துணுக்கொன்றைக் கண்ணாடித் தொட்டி நீரில் இடுவார். அது உருகி ஒரு மணியாகி, சீறிக்கொண்டு நீர்மேல் அங்குமிங்கும் ஓடும். வகுப்பு முழுவதும் ஆரவாரிக்கும். அந்தப் பயற்றளவு துணுக்கைக் கண்ட மாணவரில் எத்தனை பேருக்கு, இருநூறு கிலோகிராம் கொண்ட பீப்பாய் ஒன்று எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற எண்ணம் எழுந்தது? 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், போர்க்காலத்தில் எஞ்சிய சோடியத்தை ஒழித்துக்கட்ட எண்ணிய அரசினர், பீப்பாய்களை லெனோர் என்னும் உவர் ஏரியில் உருட்டிவிட்டனர். அக்காட்சியைப் படமாகவும் எடுத்து வைத்தனர். ஏரியின் நடுவே நீர்த்தூண்கள் எழும்பி வெடிப்பதை இன்றும் அப்படத்திற் காணலாம். அரசாங்கம் செய்துவிட்டால் அது அறிவுடைய செயலாகிவிடும் என்று எண்ணுவோர் அதனைப் பார்ப்பது நன்று.

சோடியமும் பொற்றாசியமும் 1807இல் அம்பிரி டேவி என்பாரால் இலண்டனில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டன. அன்றுதொட்டு, நீரிற் சோடியம் வெடிப்பது அதனின்று எழும் ஐதரசன் பற்றுவதனாலேயே என்று பாடநூல்கள் கூறிவந்தன. 2015இல் செக் நாட்டின் பிராக் நகரத்து ஆராய்ச்சியாளர், சோடியமும் பொற்றாசியமும் கலந்த திரவ உலோகத் துளியை நீரில் விழச்செய்து, அதிவேகப் படக்கருவியாற் பிடித்துப் பார்த்தனர். நீரைத் தொட்ட கணத்திலேயே, ஆயிரத்திலொரு செக்கனும் கழியுமுன், உலோகம் தன் இலத்திரன்களை நீருக்கு இழந்துவிடுகிறது. எஞ்சிய நேரேற்றங்கள் ஒன்றையொன்று தள்ள, உலோகம் முட்கள் முட்களாக நாற்புறமும் பாய்ந்து சிதறுகிறது. எரிவது அதன் பின்னர்தான். இதை இங்கு எடுத்துரைப்பது வியப்புக்காக மட்டுமன்று. பற்றிய பின் பார்த்துக்கொள்வோம் என்று எண்ணி நீர் ஊற்றுகிறவனுக்கு விலகிக்கொள்ள அவகாசமே கிடையாது என்பதற்காகவே. சோடியம் தொலைவிலுள்ள பொருளென்றும் கருதவேண்டாம். தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலே 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியமே. சப்பானின் மொஞ்சு உலையில் 1995 டிசெம்பரில் அத்தகைய சோடியம் அறுநூறு கிலோகிராமுக்கு மேல் குழாயிலிருந்து கசிந்து காற்றிலேயே எரிந்தது. குழாய்த் தொகுதியிலிருந்த சோடியத்தை வடித்தெடுப்பதே அங்கே கைகொடுத்த வழி.

1955 யூன் 11ஆந் தேதி பிரான்சு நாட்டின் லெமான் நகரில் நடந்த மோட்டார் ஓட்டப் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் கூட்டத்தினுள் பாய்ந்தது. சாரதியும் 80க்கு மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். அக்காரின் உடல் பாரங்குறைந்த மகனீசியக் கலப்புலோகத்தாலானது. தீயணைக்க வந்தவர்கள் அதை அறியாது நீர் பாய்ச்ச, தீ வெண்மையாகக் கொழுந்துவிட்டு மணிக்கணக்காக எரிந்தது. எரியும் மகனீசியம் நீரிலிருந்து ஒட்சிசனைப் பறித்துக்கொண்டு ஐதரசனை வெளியே விடுகிறது. காபனீரொட்சைட்டிலிருந்தும் அவ்வாறே பறிக்கும். ஆகவே, அலுவலகச் சுவர்களில் தொங்கும் காபனீரொட்சைட்டு அணைகருவியும் இத்தீயின்முன் பயனற்றது. நுரையும் ஆகாது, ஏனெனில் நுரை என்பது பெரும்பகுதி நீரே.

நிற்க. இதுவரை கூறியவை கண்ணுக்குத் தெரியும் நெருப்பு. இனிக் கூறப்போவதில் நெருப்பே இல்லை. ஆயினும் எமக்கு மிகவும் துயரந்தந்த செய்தி இதுதான். களஞ்சியங்களிலும் கப்பல்களிலும் தானியத்தை அரிக்கும் வண்டுகளையும் எலிகளையும் ஒழிக்க அலுமினியம் பொசுபைட்டு என்னும் பொருளை வில்லைகளாகவும் குளிகைகளாகவும் பயன்படுத்துகின்றனர். காற்றிலுள்ள ஈரமே அதற்குப் போதும். மெல்ல மெல்லப் பொசுபீன் என்ற நச்சு வாயுவை வெளிவிடும். மூன்று கிராம் வில்லை ஒன்று ஒரு கிராம் பொசுபீனைத் தரும். பயிற்சி பெற்றவர்கள் மாத்திரமே, ஆட்கள் வாழாத இடத்தில் மாத்திரமே, கையாள வேண்டிய பொருள் அது.

2017ஆம் ஆண்டு சனவரி 2ஆந் தேதி, அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்து அமரில்லோ நகரில், ஒரு வீட்டின் அடித்தளத்தின் கீழே எலித்தொல்லைக்காக இக்குளிகைகள் போடப்பட்டிருந்தன. நாற்றம் பொறுக்காது, வீட்டுக்காரர் அவற்றைக் கழுவிவிட எண்ணி நீர்க்குழாயைப் பிடித்தார். நம்மில் யாராயினும் அதைத்தான் செய்திருப்போம். மெல்ல வெளிவரவேண்டிய வாயு முழுவதும் ஒருங்கே எழுந்து, பலகைத் தளத்தினூடே வீட்டுக்குள் புகுந்தது. அவ்வீட்டுப் பிள்ளைகள் நால்வர் மாண்டனர். உதவிக்கு விரைந்து வந்தவர்கள் முதலில் அதைக் காபனோரொட்சைட்டு என்றே எண்ணினர். குளிகை போடப்பட்ட செய்தி பின்னரே வெளிப்பட்டது. ஆதலால் வந்தவர்களும் மருத்துவமனையிற் சோதிக்கப்பட வேண்டியதாயிற்று. தன் மக்களின் நலங்கருதி ஒரு தந்தை பிடித்த நீர்க்குழாய் அது. அதை நினைக்கும்போது, அறியாமை என்ற சொல்லை அவர்மேல் எறிய எமக்கு நாவெழவில்லை. அத்தகைய பொருளை, அதன் தன்மை தெரியாத கைகளிற் கிடைக்கவிட்ட ஏற்பாட்டைத்தான் குறைகூற வேண்டும். அந்நாட்டில் அது உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே உரிய பொருள். இருந்தும் அவ்வீட்டை வந்தடைந்தது.

பூண்டு மணமோ அழுகிய மீனின் மணமோ எழுந்தால் பொசுபீன் என்று ஐயுறலாம். மணம் இல்லையென்பதற்காக ஆபத்தில்லையென்று துணிந்துவிடக் கூடாது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. வீட்டைவிட்டு வெளியே வருதல், காற்று வரும் திசையை நோக்கி நகர்தல், வைத்தியசாலைக்கு விரைதல், அங்கே முதல் வாக்கியமாக அப்பொருளின் பெயரைச் சொல்லுதல். 1990 என்ற எண்ணில் அம்புலன்சை அழைக்கும்போதும் இதையே முதலிற் சொல்லவேண்டும். பெயர் தெரியாத நஞ்சுக்கு வைத்தியர் என்ன செய்வார்? அவருக்கும் ஆபத்து, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் ஆபத்து.

பெயர் தெரியாததனால் விளைந்த கேட்டுக்குச் சீனாவின் தியன்சின் துறைமுகம் பெருஞ்சாட்சி. 2015 ஓகத்து 12ஆந் தேதி இரவு, அங்கே அபாய இரசாயனங்கள் வைக்கப்பட்டிருந்த பண்டசாலை ஒன்றில் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர் விரைந்து சென்றனர். அவர்களிற் பலர் இருபது வயதைச் சுற்றிய இளைஞர்கள், நம்மோடொத்தவர்கள். பதினொன்றரை மணியளவில் முதல் வெடிப்பு. அரை நிமிடத்தில் அதனினும் பெரியதோர் இரண்டாம் வெடிப்பு. மாண்டவர் 165 பேர், காணாமற் போனவர் 8 பேர். இவர்களுள் தீயணைப்பாளர் மாத்திரம் 104 பேர். அங்கே கல்சியம் காபைட்டும் இருந்தது. அதன்மேல் நீர் பாய்ச்சியதனாலேயே வெடித்தது என்று அந்நாட்களிற் பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டு வெளிவந்த விசாரணை முடிவு வேறு. ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டிய நைத்திரோசெலுலோசு உலர்ந்து தானாகவே பற்றியதென்றும், அத்தீ ஏறத்தாழ 800 தொன் அமோனியம் நைத்திரேற்றை எட்டியதே பெருவெடிப்பென்றும் அது கூறியது. பத்திரிகைக் கதையை நாம் அப்படியே திருப்பிச் சொல்வது முறையன்று. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே முற்றத்தில், நனைய வேண்டிய பொருளும் இருந்தது, நனையக்கூடாத பொருளும் இருந்தது, 700 தொன் அளவில் சோடியம் சயனைட்டு என்னும் கொடிய நஞ்சும் இருந்தது. எது எங்கே, எவ்வளவு என்பது குழாயைப் பிடித்து நின்ற இளைஞருக்குத் தெரியாது.

பெயரை அறியும் வழி யாது? இதற்கென்று உலக நாடுகள் சில குறிகளை ஒப்புக்கொண்டிருக்கின்றன. நனைந்தால் எரிவாயு தரும் பொருளின் பீப்பாயிலும் லொறியிலும் நீல நிறச் சாய்சதுரம் ஒட்டப்பட்டிருக்கும். அதில் சுடரின் உருவும், கீழ்முனையில் 4 என்ற இலக்கமும் காணப்படும். அவ்வகுப்பின் எண் 4.3. அதனோடு நான்கிலக்க எண் ஒன்றும் வரும்: காபைட்டுக்கு 1402, சோடியத்துக்கு 1428, அலுமினியம் பொசுபைட்டுக்கு 1397. சில நாடுகளில் லொறியின் செம்மஞ்சட் பலகையில் இவ்வெண்ணின் மேலே இன்னோர் எண்ணும் எழுதப்படும். அதன் முன்னால் பெருக்கற் குறிபோன்ற எழுத்து நின்றால் நீர் ஆகாதென்பது பொருள். வட அமெரிக்க நாடுகள் நான்காண்டுக்கொருமுறை வெளியிடும் அவசரகால வழிகாட்டி நூலில், இந்நான்கிலக்க எண்ணைப் பார்த்து உரிய பக்கத்தைப் புரட்டலாம். நனைந்தால் எரிவாயு தரும் பொருள்களுக்கு அதன் 138ஆம் வழிகாட்டி. அந்நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நம் கைத்தொலைபேசியில் அடங்கிவிடும். வீடு பற்றியெரியக் கிணறு வெட்டத் தொடங்கினாற்போல, விபத்தன்று அதைத் தேடப் புகாது இன்றே எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம். குறியை வாசிக்க அருகிற் செல்லவேண்டுமே என்றால், வேண்டாம். தொலைபேசியின் படக்கருவியால் பெருப்பித்துப் பார்க்கலாம்.

அவ்வழிகாட்டி சொல்வதன் சாரம் இது. திண்பொருள் சிந்தியிருந்தால் எப்பக்கமும் குறைந்தது 25 மீற்றருக்கு ஆட்களை விலக்கவேண்டும். பொருள் ஏற்றிய பெருலொறி தீப்பற்றினால் 800 மீற்றர். காற்று நம் முதுகில் வீசும் பக்கமே நிற்கவேண்டும். தீ இல்லாது சிந்திக்கிடக்கும் தூளைப் படங்கினாலோ பிளாஸ்ரிக் விரிப்பினாலோ மூடி, நனையாமற் காத்தல். மாரிகாலத்தில் இதுவே தலையாய உதவி. வடிகாலுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் போகவிடலாகாது. சிறு தீயானால் உலர்ந்த மணல், நீரற்ற சோடாத்தூள், உலோகத் தீக்கென்றே செய்யப்பட்ட உலர்தூள் இவற்றால் மெல்ல மூடலாம். அள்ளி வீசினால் தணல் சிதறும். விளிம்பிலிருந்து சரித்துக்கொண்டே வரவேண்டும். பெருந்தீயானால் விலகி நின்று எரியவிடவேண்டும்.

இதில் உலர்ந்த என்ற சொல்லை எளிதாக எண்ணிவிடக் கூடாது. நம் கடற்கரை மணலை அள்ளிவந்து சிவப்பு வாளியில் நிரப்பி மண்டப மூலையில் வைத்துவிட்டு, மணல் ஆயத்தம் என்று எழுதிவிடுகிறோம். ஒரு மாரி கழிந்தபின் அவ்வாளிக்குள் கைவிட்டுப் பாருங்கள், கை நனையும். அந்த ஈர மணலை எரியும் சோடியத்தின்மேற் கொட்டுவது ஒருவகையில் நீரைக் கொட்டுவதே. மூடியுள்ள கலத்தில், வெயிலிற் காயவைத்த மணலை இட்டு, மாரிக்கு முன்னும் பின்னும் பார்க்கவேண்டும். சலவைச் சோடாவும் அவ்வாறே. கடையில் விற்கும் சலவைச் சோடாப் பளிங்கின் நிறையில் பாதிக்கு மேல் உள்ளடங்கிய நீர்தான், அது உதவாது. மாரியிற் கசிந்து நிற்கும் கல்லுப்பும் உதவாது. இலிதியம் என்ற உலோகம் மேலும் பொல்லாதது. கொதிக்கும் இலிதியம் மணலோடும் தாக்கம் புரியக்கூடும். அதற்குக் காரீயத் தூள்போன்ற தனித்தூள்களே நன்று.

இலிதியம் என்றதும் கைத்தொலைபேசியிலும் மின் துவிச்சக்கரவண்டியிலும் உள்ள இலிதிய அயன் மின்கலங்களைப் பற்றிக் கேட்பீர்கள். அவற்றில் இருப்பது தனி உலோகமன்று. சேர்வை நிலையிலுள்ள இலிதியம். அவை பற்றினால் ஏராளமான நீரால் குளிரச்செய்வதே ஏற்ற வழி. பெயரொப்புமையால் மயங்கி நீரை நிறுத்திவிட வேண்டாம்.

உடம்பிற் பட்டாலும் நீர் கூடாதோ என்ற ஐயம் எழலாம். தோலில் ஒட்டிய தூளையும் துணுக்கையும் முதலில் உலர்ந்த துணியால் உடனே துடைத்து அகற்றவேண்டும். கையுறை இருந்தால் நன்று. அதன்பின் ஓடும் நீரால் 20 நிமிடமேனும் கழுவவேண்டும். ஒரு குவளை நீர் ஊற்றி நிறுத்துவதுதான் தீது. அது நீற்றுவதற்கு மட்டுமே போதும். கண்ணிற் சுண்ணாம்பு தெறித்தால் ஒரு கணமும் தாமதியாது, கசக்காது, இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு நீரால் கழுவிக்கொண்டேயிருக்க வேண்டும். இங்கே நீர் மீண்டும் நம் தோழன்.

இப்பேச்சின் தலைப்பை அறிவித்தபோது பெரியவர் ஒருவர் எம்மைப் பார்த்து, “தம்பி, அயலான் வீடு எரியக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ எண்டு பெடியளுக்குச் சொல்லிக் குடுக்கப் போறியோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிற்பது சும்மா நிற்பதன்று என்பதே எமது விடை. வாளியோடு ஓடிவரும் நாற்பது பேரை மறித்து நிறுத்துவதற்கு ஒரு வாளி நீர் ஊற்றுவதிலும் மிகுந்த துணிவு வேண்டும். கடைக்காரரைத் தேடிப்பிடித்து உள்ளே என்ன இருக்கிறது, எந்த மூலையில், எத்தனை பீப்பாய் என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். 110க்கு அழைத்து அதைச் சொல்லவேண்டும். படை வரும்போது தெருமுனையில் நின்று அக்கடதாசியைக் கையிற் கொடுக்கவேண்டும். கோழை என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். தியன்சினில் அப்படியொரு கடதாசி அவ்விளைஞரின் கையில் இருந்திருக்குமாயின் என்று எண்ணாதிருக்க எம்மால் முடியவில்லை.

அணைந்த பின்னரும் வேலை உண்டு. மணலின் கீழே சோடியம் நெடுநேரம் சூடாக இருக்கும். மேலோட்டைக் கம்பியாற் கிளறினால் மீண்டும் பற்றும். பாதி நனைந்த காபைட்டுப் பீப்பாயை மூடி இறுக்கினால் உள்ளே வாயு திரளும். ஆதலால் அவ்விடத்தைக் கயிறுகட்டி மறித்து, மழைக்குப் படங்கு பிடித்து, அறிந்தவர்கள் வந்து பொறுப்பேற்கும்வரை காவல் இருக்கவேண்டும். கூட்டிப் பெருக்கிக் குப்பையிற் கொட்டிவிட்டால், நாளை குப்பைவண்டிக்காரன் தலையில் அவ்விபத்து விழும்.

நீலச் சாய்சதுரமும் நான்கிலக்க எண்களும் பெரிய எழுத்தில் வரையப்பட்ட அட்டைகள் வாயிலருகே மேசையில் உள்ளன. சிறியவர்களும் பெரியவர்களும் போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லலாம். பட்டறையோ களஞ்சியமோ வைத்திருக்கும் அன்பர்கள் இரண்டு எடுத்து, ஒன்றைக் கதவின் வெளிப்புறத்தில் ஒட்டிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.